மூன்று லட்சம் மட்டும்

…மூன்று லட்சம் என்றால் மூன்று லட்சம்தானே, ஒரு நோட்டு குறைந்தால் கேட்கலாம், கிழிந்த நோட்டு இருந்தால் கேட்கலாம், முழுசாகக் கொண்டுவந்து கையில் கொடுப்பவனிடம் என்னத்தைக் கேட்பது, எந்த முகத்தோடு கேட்பது என்று யோசித்துக்கொண்டே அவள் எண்ணெய் அடுக்கின் மூன்றாவது தட்டுக்கு வந்துவிட்டிருந்தாள், கையில் இருந்த விலை ஒட்டும் மெஷின் டிக் டிக்கென்று ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் புது விலையை வைத்துக்கொண்டே போனது, இருபத்திரண்டு வருஷத்துக் கை, புத்தி எங்கே மேய்ந்தாலும் அது தன்பாட்டுக்குச் செய்யும், கடையில் அவளுக்குப் பேரே ஸ்டிக்கரக்காதான். தம்பி பகல் ஒரு மணிக்கு வருகிறேன் என்றிருந்தான், கடைக்குப் பின்னால் டீ மெஷின் இருக்கும் அறைக்கு. நேற்றுப் போனில் "அக்கா, உன் பணம் ரெடி, முழுசா ரெடி" என்று அவன் சொன்னபோது குரலில் எவ்வளவு சந்தோஷம், பத்தாவது பாஸானபோதுகூட அப்படிப் பேசவில்லை, பாஸானதே மூன்றாவது தடவைதான், அது வேறு கதை… இவளும் சரிப்பா, ரொம்ப நல்லதுப்பா என்றாள், போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, வரவில்லை. போன வாரம் அந்த வீட்டுத் தரகரிடம் போகாமல் இருந்திருந்தால் வந்திருக்குமோ என்னவோ.

தரகர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார், ஃபேனைப் போட்டார், எவ்வளவுக்குள் பார்க்கட்டும் என்று கேட்டார். இவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு மூன்று லட்சம் என்றாள், பத்தொன்பது வருஷமாக வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகிய தொகை, இரண்டு ரூம், ஒரு சமையலறை, சொந்தச் சாவி என்று அதற்கு உருவம்கூட இருந்தது. அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார், எழுதி முடித்துவிட்டு, "அட்வான்ஸ்தானேம்மா சொல்றீங்க? வாடகை எவ்வளவு தாங்கும்?" என்றார். அவர் கிண்டல் பண்ணவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். ஆமாங்க, அட்வான்ஸ்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள், அவளுக்கு நிஜமாகவே இத்தனை நாள் தெரியாதா, தெரியாமலா இருந்தது… மாதக் கடைசிக்குள் இப்போது இருக்கிற போர்ஷனைக் காலி பண்ணியாக வேண்டும், வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார், ஏற்றியதைக் கொடுத்தால் இரு, இல்லையென்றால் உன் இஷ்டம் என்றார், அவர் இஷ்டம் என்பதைத்தான் உன் இஷ்டம் என்று மரியாதையாகச் சொன்னார். போனால் சொந்த வீட்டுக்குத்தான் போவேன் என்று இவளும் வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தாள், எதை நம்பி? இந்த மூன்று லட்சத்தை நம்பி.

அடுத்தது சோப்பு. சோப்புக்கு இந்தத் தடவை விலை ஏறவில்லை, பட்டியலில் பழைய விலையேதான் போட்டிருக்கிறது, எடுத்துப் பார்த்தால் கைக்குத் தெரிகிறது, சோப்பு இளைத்துப்போயிருக்கிறது, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான், அட்டையில் சிரிக்கிற பெண் மட்டும் அதே பெண், அதே சிரிப்பு. திங்கள்தோறும் மேனேஜர் புது விலைப் பட்டியலைக் கொடுப்பார், கொடுக்கும்போது யாரும் கேட்காமலே, நாமளா ஏத்துறோம், அது தானா ஏறுது என்பார், பாவம், அவருக்கும் அதே சம்பளம்தான். பழைய ஸ்டிக்கரை உரித்துவிட்டுத்தான் புதியதை ஒட்ட வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார், நேரம் எங்கே இருக்கிறது, மேலேயே ஒட்டிவிடுவாள், அதைக் கண்டுபிடிப்பதற்கென்றே பென்ஷன்காரர் ஒருவர் வருவார், நகத்தால் சுரண்டிச் சுரண்டி அடியில் இருக்கும் விலையைப் படித்துவிட்டு, இந்தா பாரும்மா, உன் கடையே எழுதின விலை, இதுக்கே குடு என்பார். அவரிடம் இவள் எத்தனை தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள், ஐயா, அது அந்த நாள் விலை, அந்த நாளைக் கொண்டுவாங்க, அந்த விலைக்குத் தரேன் என்று. கடையே சிரிக்கும். ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்தது, உனக்குச் சொல்லிக்கொள்ள மட்டும் வாய் வரவில்லையாடி… அரிசிக்கு ஏற்றினாய், சர்க்கரைக்கு ஏற்றினாய், தீப்பெட்டியைக்கூட விடவில்லை, வீட்டில் பெட்டிக்கடியில் ஒரு தாள் பத்தொன்பது வருஷமாகக் கிடக்கிறதே, அதில் எழுதின விலை மட்டும் அப்படியே இருக்கும் என்று எந்தத் தைரியத்தில் இருந்தாய்?

அந்தத் தாளையும் இவள்தான் எழுதினாள், வேறு யார் கையெழுத்து அவ்வளவு அழகாக இருக்கும், கடை வாசலில் தள்ளுபடிப் பலகை எழுதுகிற கை. அப்பா போய் நாற்பது நாள் ஆகியிருந்தது, வீட்டை விற்றுப் பிரித்துக்கொள்ளலாம் என்று மாமா சொன்னார், தம்பிக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது, அவனை எங்கே போய் இருக்கச் சொல்வது, இவளுக்குத்தான் புருஷன் இருக்கிறார், சம்பளம் இருக்கிறது, வீடு அவனுக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பாதி வீட்டின் விலை அன்றைக்கு மூன்று லட்சம், பின் தெருவில் அதே மூன்று லட்சத்துக்கு இரண்டு ரூம் வீடு ஒன்று விலைக்கு வந்து நின்றது, அன்றே இவள் போய்க் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுக்கூட வந்தாள். தம்பியால் அப்போது முடியாது, முடியும்போது குடு, எங்கே போகப்போகுது என்று சொல்லிவிட்டு இவளே உட்கார்ந்து எழுதினாள், அக்கா பங்குக்கு எப்போது கேட்டாலும் மூன்று லட்சம் கொடுக்கப்படும் என்று, எண்ணால் ஒரு தடவை, எழுத்தால் ஒரு தடவை. எழுதிவிட்டு, நாளைக்கு அக்கா ஒரு சைபரைச் சேர்த்துவிட்டாள் என்று யாரும் நாக்குமேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதே என்று, தொகைக்குப் பக்கத்திலேயே இடம் விடாமல் 'மட்டும்' என்றும் எழுதினாள். மாமா அதைப் பார்த்துவிட்டுப் பொண்ணுன்னா இப்படி இருக்கணும் என்றார். எவ்வளவு பெருமை அன்றைக்கு! தன் கையாலேயே பூட்டைப் போட்டுச் சாவியைக் கிணற்றில் எறிந்த பெருமை.

பிஸ்கட்… பிஸ்கட் பாக்கெட்டில் காற்றுதான் அதிகம். பணம் தம்பியிடம் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்றுதான் நினைத்தாள், தூங்குகிற பிள்ளையை எழுப்புவானேன் என்று தொடாமல் இருந்தாள். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூடத் தொடவில்லை, தம்பி வேறு அப்போது வைத்திருந்த சின்னக் கடையும் நொடித்துப்போய்ச் சொந்தமாக இருந்த வண்டியையும் விற்றுவிட்டு யாருக்கோ லாரி ஓட்டிக்கொண்டிருந்தான், அவனிடம் போய் எப்படி நிற்பது. அன்றைக்குக் கொடுத்தவள் பக்கத்துப் போர்ஷன் தையல்காரி. நாற்பதாயிரம். மிதி மெஷினை விட்டுவிட்டுப் பவர் மெஷின் வாங்க வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்த பணம், கடைக்காரரிடம் சொல்லி மெஷினை எடுத்து வைக்கவும் சொல்லியிருந்தாள், அப்படியே துணிப் பையோடு கொண்டுவந்து இவள் மடியில் வைத்துவிட்டு, மெஷின் எங்கயும் ஓடிடாது, முதல்ல மனுஷனைப் பாரு என்றாள். மனுஷன் மூன்று மாதம் இருந்தார். அப்புறம் போய்விட்டார். அதன் பிறகு பதினோரு வருஷம், ஓவர்டைம் பார்த்து, டீயைக் குறைத்து, பஸ்ஸுக்குப் பதில் நடந்து, அந்த நாற்பதாயிரத்தைச் சேர்த்தாள், ஒரு நோட்டு குறையாமல், சலவை நோட்டாக மாற்றி, ஒரு பையில் பழமும் வாங்கிக்கொண்டு போய்த் தையல்காரி கையில் கொடுத்தாள், யாரையும் ஏமாத்தினவ இல்ல நான் என்று சொல்ல நினைத்துக்கொண்டு போனாள், சொன்னாளா இல்லையா ஞாபகமில்லை. தையல்காரி அதை எண்ணவில்லை. மெஷின் டிராயரைத் திறந்து உள்ளே வைத்தாள், நூல்கண்டை ஒதுக்கிவிட்டு, கொஞ்ச நேரம் டிராயரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்புறம், டீ குடிக்கிறியா என்றாள். அவ்வளவுதான். ஒரு சிரிப்பு கிடையாது, ஒரு நல்ல வார்த்தை கிடையாது. என்ன பொம்பளை இவ, கொடுத்த காசு திரும்பி வந்திருக்கு, முகத்துல ஒரு சந்தோஷம் வேண்டாமா என்று இவளுக்குச் சுருக்கென்றது, அன்றிலிருந்து மூன்று வருஷமாக அளவாகத்தான் பேச்சு, தண்ணி வந்துச்சா, வந்துச்சு. அந்த மிதி மெஷின் சத்தம் வேறு விடியற்காலையிலேயே சுவரைத் தாண்டி வரும், இந்தச் சனியன் பிடிச்ச சத்தம் என்று தினம் திட்டிக்கொண்டே எழுந்திருப்பாள். தையல்காரிக்கும் வாடகையை ஏற்றியிருப்பார் வீட்டுக்காரர். இவள் கேட்கவில்லை.

ஒரு மணி ஆகியிருந்தது. மெஷினை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு பின்னால் போனாள், தம்பி முன்னாலேயே வந்து பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான், தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, நல்ல சட்டை போட்டு, எப்போது இவனுக்கு இவ்வளவு நரைத்தது… மடியில் மஞ்சள் உறை, அதன்மேல் அந்தத் தாள், மடித்த இடமெல்லாம் விரிசல் விட்டிருந்தது, அவன் பங்குக்கு அவனிடம் இருந்த நகல், அதுவும் இவள் எழுதியதுதான். தாளின் அடியில் அவனுடைய கோணல் எழுத்தில் முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தான். ஐந்து வருஷமாகச் சேர்த்ததாம், இரட்டை ட்ரிப் அடித்துச் சேர்த்ததாம், பெண்டாட்டி கம்மலைக்கூட மீட்காமல் முதலில் அக்கா கடன் என்று சொல்லிவிட்டானாம், மழை பெய்தால் கூடத்தில் இன்னும் ஒழுகுகிறதாம், அதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டானாம். பொய் சொல்லத் தெரியாத பயல், சின்ன வயசிலிருந்தே தெரியாது. அவன் உறையை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினான்.

"எண்ணிப் பாருக்கா. ஒரு பைசா குறையாது. பத்தொம்பது வருஷம் கழிச்சும் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன்ல?"

வாங்கிக்கொண்டாள். கனமாகத்தான் இருந்தது. இப்போது சொல்லிவிடலாம், இது பாதி வீடு இல்லடா, இது அட்வான்ஸுடா என்று, சொன்னால் என்ன ஆகும், அவன் முகத்தில் இருக்கிற வெளிச்சம் போய்விடும், அவனால் இன்னொரு ஐந்து வருஷம் இரட்டை ட்ரிப் அடிக்க முடியாது, அடித்தாலும் அதற்குள் அதுவும் தேய்ந்துபோயிருக்கும், அதற்காகச் சொல்லாமல் இருந்தால் மாதக் கடைசியில் நான் எங்கே போவது, நான் என்ன தெருவிலா நிற்பது, சொல்லவும் முடியவில்லை மெல்லவும் முடியவில்லை, யாரைக் குற்றம் சொல்வது, இவனையா, மட்டும் என்று எழுதிய கையையா… தம்பி பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான், இவள் பேனாவை வாங்கவில்லை. வாயைத் திறந்தாள்.

"டீ குடிக்கிறியா?"

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. தம்பி பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான், அந்தப் பார்வை என்ன சொல்கிறது என்று இவளுக்கு நன்றாகத் தெரிந்தது, வார்த்தைக்கு வார்த்தை தெரிந்தது, இவளே அதைச் சொல்லிக்கொண்டு தையல்காரி வீட்டுப் படியிலிருந்து இறங்கி வந்தவள்தான். அன்றைக்கு டிராயரை அவள் அவ்வளவு நேரம் பார்த்தாளே… பதினோரு வருஷத்தில் அந்தப் பவர் மெஷின் என்ன விலை ஆகியிருக்கும், இரண்டு பங்கா, கூடவா, ஊர் விலையெல்லாம் விரல் நுனியில் இருக்கிறவள் ஒரு நாள், ஒரே ஒரு நாள் அதை விசாரித்திருப்பாளா? முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு அவள் மிதித்துக்கொண்டே இருக்கிறாளே, அந்தச் சத்தத்தைத்தானே தினமும் திட்டினோம்… அவளுக்குச் சேர வேண்டியதை இதிலிருந்து எடுத்தால் இது அட்வான்ஸுக்குக்கூட வராது, எடுக்காவிட்டால்… கண் நிறைந்துவிட்டது, தம்பிக்குத் தெரியாமல் டீ மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள், பொத்தானை அழுத்தினாள், காகித டம்ளர் பாதிக்குமேல் நிறையவில்லை, போன மாதத்திலிருந்து இந்த மெஷின் இவ்வளவுதான் ஊற்றுகிறது, டம்ளர் மட்டும் அதே டம்ளர். அதைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"சூடா இருக்கு, பார்த்துக் குடி" என்றாள். பேனா இன்னும் மூடி திறந்தபடி மேஜைமேல் கிடந்தது.