கழுவிய ஓடுகள்

அருங்காட்சியகத்தின் பின்கட்டில் குந்தி உட்கார்ந்து, பழைய பல் பிரஷால் பானை ஓடுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் அவள். மண்ணுக்குள் போன பழைய நகரத்தின் ஓடுகள். ஒவ்வொன்றிலும் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. விடாமல் தேய்த்ததில் நாற்பதும் பளிச்சென்று ஆயின. வேலையில் அவளை யாரும் குறை சொல்லிவிட முடியாது.

காப்பாட்சியர் வந்து ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"என்னம்மா பண்ணிட்ட? அது அழுக்கில்லம்மா, நம்பரு! எந்தக் குழியில, எத்தனை அடியில கிடைச்சதுன்னு நேத்துதான் எழுதினேன். பதிவேட்டுல கணக்கு இருக்கு, ஆனா எது எந்த ஓடுன்னு சொல்ல இன்னும் படம்கூட எடுக்கல. நாளைக்கு மேலதிகாரி வந்து கேப்பாரே!"

பிரஷைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள் அவள். விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போய் முதலில் வீட்டுக்குப் போவது இங்கே பெருக்குகிற அவள்தான். அகழாய்வில் தோண்டும்போது குழியின் மண்சுவர் சரிந்து கணவனின் இடுப்பு ஒடிந்தபோது, மேலிடத்துக்கு எழுதி எழுதி இந்த வேலையை வாங்கித் தந்தவர் இவர். அந்தப் புண்ணியவான் தலையிலேயே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாளே!

"சார், எல்லாம் எங்க வீட்டுக்காரரு தோண்டினதுதானே? அவரக் கேட்டுப் பாக்கலாம் சார்."

பக்கத்து வீட்டுத் தள்ளுவண்டியில் வந்து இறங்கினான் கணவன். ஒவ்வொரு ஓட்டையும் புரட்டினான், நகத்தால் தட்டினான்.

"இது சூளைக்குழி, அடிமட்டம். பொகை ஏறியிருக்கு பாருங்க. இது கிணத்துக்குழி, உப்புப் பூத்திருக்கு. இந்த மூணும் ஒரே பானை சார். இவ குடுத்தனுப்பின சாப்பாட்டச் சாப்பிட்டு எறங்கினதும் கெடச்சுது."

"சாப்பாடு மட்டும் மறக்காதே உங்களுக்கு!" என்றாள் அவள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

சாயங்காலத்துக்குள் நாற்பதும் பதிவேட்டோடு ஒத்துப்போயின. காப்பாட்சியர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "என் மானத்தக் காப்பாத்திட்டீங்கய்யா. உள்ள போய் எல்லாத்தையும் பாத்துட்டுப் போங்க."

ஒரு வார்த்தை திட்டாத மனுஷன், நன்றாயிருக்க வேண்டும் என்று அவள் மனதார வாழ்த்தினாள்.

அவள் கையைப் பிடித்தபடி மெல்ல நடந்தான் கணவன்; காட்சிக்கூடத்துக்குள் அவன் வருவது இதுதான் முதல் தடவை. நடுவில், விளக்கொளியில், பெரிய தானியப் பானை. கீறல்கூட இல்லை. குழிக்குள்ளிருந்து அவன் அதைத் தூக்கி மேலே கொடுத்த நிமிஷம்தான் சுவர் சரிந்தது. அவன் கை தானாக அதன் விளிம்புக்கு நீண்டது.

"தொடாதீங்க!" என்றான் காவலாளி.

"தெரியாமப் பண்ணிட்டேங்க," என்று இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான் அவன். பிடி விட்டதும் உடம்பு ஆடியது. அவள் தோளைக் கொடுத்துத் தாங்கினாள்.

"நல்லா பத்திரமா வச்சிருக்காங்கல்ல?" என்றான், முகமெல்லாம் சிரிப்பாக.