சுவர் பக்கம் திரும்பியவன்

பன்னிரண்டு நாள் வெளியூர்ப் பயிற்சிக்குப் போக முடியுமா, முடியாதா என்று அன்று மாலை நாலு மணிக்குள் அவள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். படிவம் ஒரு வாரமாக அவள் கைப்பையில் நாலாக மடிந்து கிடந்தது. போய்வந்தால் பிரிவுக்குத் துணைப் பொறுப்பாளர் ஆகிவிடலாம். ஆறு வருஷமாக அந்த இடத்துக்காகத்தான் மாடாக உழைத்தாள். கைக்கு எட்டிய நேரத்தில் வேண்டாம் என்று எழுதப் போகிறாள். ஏன் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கும் வழியில்லை.

காரணம் வீட்டில் இருந்தது, அவள் புருஷன். ஆள் நல்ல உயரம், கெட்டிக்கார லிஃப்ட் மெக்கானிக், யாரிடமும் அதிர்ந்து பேசாதவன். தெருவில் நாலு பேரைக் கேட்டால் நாலு பேரும் தங்கமான மனுஷன் என்பார்கள். அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், எட்டு மாதத்துக்கு முன்பு வரை.

அவனுக்கு ஆபாசப் படம் பார்க்கும் பழக்கம் இருந்தது. எல்லா ஆம்பளையும் எப்போதாவது பார்ப்பதுதானே என்று ஒதுக்கித் தள்ளக்கூடிய அளவு இல்லை. வேலைக்கு நடுவில், லிஃப்டின் மோட்டார் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பாட்டையும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு முறை கம்பெனியில் எச்சரிக்கை வாங்கியிருந்தான். அவளைத் தொட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. குறை தன்னிடம்தான் என்று நினைத்து அவள் கண்ணாடி முன்னால் நின்று அழுததெல்லாம் அந்தக் காலத்தில்தான். உண்மை தெரிந்த அன்று அவன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி விம்மினான். "என்னால நிறுத்த முடியல. நீயே பூட்டி வச்சுக்கோ. நம்பர் எனக்குத் தெரியவே கூடாது" என்றான்.

பூட்டினாள். கைபேசியில் ஒரு காவல் செயலி. கண்ட தளமும் திறக்காது. புதிதாக எதையாவது ஏற்ற வேண்டுமானால், உள்ளதைப் புதுப்பிக்க வேண்டுமானால், ஆறு எண் போட வேண்டும். அந்த எண் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் எண்ணைப் போடும்போதெல்லாம் அவன் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொள்வான். அவள் சொல்லிச் செய்ததில்லை, முதல் நாளே தானாக அப்படி நின்றான். அன்றைக்கு அவளுக்கு அவன் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது.

மருத்துவர் ஒருவரிடமும் இரண்டு தடவை போனார்கள். "பொண்டாட்டி காவல்காரி ஆகக் கூடாதும்மா. நம்பிக்கையான வேற ஒருத்தர்கிட்ட இவர் வாய்விட்டுச் சொல்லணும்" என்றார் அவர். அவனுக்கு இருந்த ஒரே ஆள் அண்ணன். தகப்பன் இடத்தில் இருந்து வளர்த்தவர், இரண்டு தெரு தள்ளி டயர் கடை வைத்திருந்தார். "அண்ணனுக்குத் தெரிஞ்சா நான் உயிரோடவே இருக்க மாட்டேன்" என்று அவன் சொல்லிவிட்டான். மூன்றாம் தடவை போகவில்லை. அப்புறம் காவல்காரி வேலை நிரந்தரமாகிவிட்டது.

காவல் காப்பது அவளுக்குப் புதிதும் அல்ல. ஆஸ்பத்திரியில் அவள் வேலையே அதுதான். அறுவைக்குப் போகும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, துணியில் பொதிந்து, நீராவிப் பெட்டிக்குள் ஏற்றி இறக்கும் பிரிவு. ஒவ்வொரு பொதியின் மேலும் ஒரு டேப் ஒட்டுவார்கள். நீராவி பட்டால் அதில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாத பொதி வாசலைத் தாண்டாது. அதே புத்தியோடு அவள் வீட்டையும் நடத்தினாள். மாலை ஆறு மணிக்கு அவன் கைபேசியை நீட்டுவான். அவள் எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள். சுத்தமாக இருந்தால் சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதி மேல் கறுப்புப் பேனாவால் ஒரு கோடு.

"என்னடி இது, மாத்திரை போடற கணக்கா?" என்று ஒருநாள் அவள் அக்கா கேட்டாள்.

"ஆமாக்கா" என்றாள்.

மாத்திரை யாருக்கு என்று அக்கா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் தனக்கென்றே சொல்லியிருப்பாள். எட்டு மாதத்தில் பொய் சொல்வதில் அவளுக்கு நல்ல தேர்ச்சி வந்துவிட்டது. அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்க முடியாது. குளிக்கப் போனாலும் ஒரு காது கூடத்தில் இருக்கும். அவன் கொஞ்சம் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான் என்று சந்தேகம் வரும், சிரிக்காவிட்டால் அதற்கொரு சந்தேகம் வரும். குற்றம் செய்தவன் அவன், சிறையில் இருப்பது நான் என்று அவளுக்குச் சில நாள் பற்றிக்கொண்டு வரும். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்ததும் பாவமாக இருக்கும். இந்தப் பாவம் பார்ப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கெட்டியான பூட்டு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

வேலையிடத்தில் வேறு கூத்து. அவன் கம்பெனிச் செயலி வாரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்லும். உடனே அவளுக்குப் போன் வரும். இடைவேளையில் அவள் வாசலுக்கு ஓடி, அங்கே வந்து நிற்பவன் கைபேசியில் எண்ணைப் போட்டுவிட்டு வருவாள். பக்கத்து மேசைத் தோழியைத் தடித்த கண்ணாடிக்காக எல்லோரும் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். "குடுத்து வச்சவடி நீ. என் வீட்டுக்காரருக்கு என் நம்பரே தெரியாது" என்பாள் சோடாபுட்டி. எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அன்று காலை பதினொரு மணிக்கு, அடித்தளத்திலிருந்து அறுவை அரங்குக்குக் கருவிகளை ஏற்றிக்கொண்டு போகும் சின்ன லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே எலும்பு அறுவைக்கான பெரிய பொதி மாட்டிக்கொண்டது. அதுபோல் இன்னொரு செட் ஆஸ்பத்திரியிலேயே கிடையாது. மேலே நோயாளியை மேசையில் படுக்க வைத்தாயிற்று. பொறுப்பாளர் அம்மா லிஃப்ட் கம்பெனிக்குப் போன் மேல் போன் போட்டார். ஆஸ்பத்திரி லிஃப்டெல்லாம் அவன் கம்பெனி பார்ப்பதுதான். அவர்கள் கல்யாணமே அப்படி வந்து போன பழக்கத்தில் நடந்ததுதான். கால் மணியில் கருவிப் பெட்டியோடு அவனே வந்து நின்றான்.

அவள் சுத்தப் பகுதிக்குள் தொப்பியும் அங்கியுமாக இருந்தாள். நடுவில் பெரிய கண்ணாடிச் சுவர். அவள் கைபேசி வெளியே அலமாரியில். உள்ளிருந்து பொருள் வெளியே போகலாம், வெளியிலிருந்து ஒரு குண்டூசி உள்ளே வரக் கூடாது.

அவன் லிஃப்டின் பலகையைத் திறந்தான், பிழை எண்ணைப் பார்த்தான், அதற்கு வழி பார்க்கக் கம்பெனிச் செயலியைத் திறந்தான். அப்படியே நின்றான். அவன் தோள் நின்ற விதத்திலேயே அவளுக்கு விஷயம் புரிந்தது. செயலி புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறது.

"என்ன தம்பி, ஏன் நிக்கிறீங்க?" என்றார் பொறுப்பாளர்.

"ஒரு நம்பர் போடணும் மேடம். அது வீட்ல அவங்ககிட்ட இருக்கு."

"அவ்வளவுதானே? நம்பரைச் சொல்லும்மா" என்று பொறுப்பாளர் கண்ணாடியைத் தட்டினார்.

அவள் சொல்லவில்லை. சொன்னால் எட்டு மாதம் போயிற்று. "நான் வெளிய வந்து போடறேன் மேடம்" என்றாள்.

"அங்கியெல்லாம் கழட்டிட்டு வரணுமா? மேல ஆள் படுத்திருக்கார்மா. ஆறு எண்ணுதானே, பேங்க் லாக்கரா என்ன?"

"இல்ல மேடம், வந்துடறேன்."

"என்ன பிள்ளைங்கப்பா. ஒரு நாள் கூத்துக்கே இப்படின்னா, பன்னெண்டு நாள் இவங்க ட்ரெயினிங் போனா நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி?"

அவன் நிமிர்ந்து கண்ணாடி வழியே அவளைப் பார்த்தான். அவளுக்கு ஒரு பயிற்சி வந்திருப்பது அவனுக்கு அப்போதுதான் தெரியும்.

அவள் தொப்பியை உருவிப் போட்டாள், அங்கியை அவிழ்த்தாள், இரண்டு கதவு தாண்டி வெளியே வந்தாள். அவன் கைபேசியை நீட்டினான். அவள் வாங்கினாள். அவன், பழக்கம் போகுமா, சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

பட்டப்பகலில், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், பொறுப்பாளருக்கு முன்னால், ஆறடி ஆண் ஒருவன் கைகளைக் கட்டிக்கொண்டு பெயிண்ட் உரிந்த சுவருக்கு அருகில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். முதலில் ஒருத்தி சிரித்தாள். சோடாபுட்டி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கீழே குனிந்துகொண்டாள். அந்தக் குனிதல்தான் அவளைச் சுட்டது. வீட்டுக்குள் இருந்தவரை பாசம் என்று நினைத்தது, வெளிச்சத்துக்கு வந்ததும் என்னவாகத் தெரிந்தது என்று அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். எண்ணைப் போட்டாள்.

லிஃப்ட் பத்து நிமிஷத்தில் ஓடியது. பொதி மேலே போனது. பொறுப்பாளர், என்ன நினைத்தாரோ, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

தாழ்வாரத்தில் இருவர் மட்டும். அவன் கருவிப் பெட்டியை மூடாமல் குந்தி உட்கார்ந்திருந்தான்.

"ட்ரெயினிங் பத்தி ஏன் சொல்லல?"

"சொல்லி? நான் போயிட்டா ஆறு மணிக்கு யார்கிட்ட நீட்டுவீங்க?"

அவன் பெட்டியின் அடித்தட்டைத் தூக்கினான். கிரீஸ் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தான். துணியின் நாலு முனையையும் அவள் ஒவ்வொன்றாக விலக்கினாள். உள்ளே மூலை உடைந்த பழைய கைபேசி.

"மூணு வாரமா" என்றான். "நீ பாக்கறது வேற. இது வேற."

மூன்று வாரம். காலண்டரில் இருபத்தொரு கறுப்புக் கோடு. டேப்பில் கோடு விழுந்தால் மேலே நீராவி பட்டது என்றுதான் அர்த்தம், உள்ளே என்ன ஆனது என்று பொதியைப் பிரித்து அதற்குள் வைத்த, நிறம் மாறும் சீட்டைப் பார்த்தால்தான் தெரியும் என்று புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள் பாடம் எடுப்பவள் அவள். அந்தப் பாடத்தை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

"அப்புறம் எதுக்குச் சுவத்தப் பாத்து நின்னீங்க?" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "இது பெட்டிக்குள்ள இருக்கு, அங்க திரும்பி நிக்கிறீங்க. யாருக்காக?"

"உனக்காகத்தான். அப்படி நின்னா நீ கொஞ்சம் நிம்மதியா இருக்கற மாதிரி இருந்துச்சு."

அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இத்தனைக்கும் நடுவில், எட்டு மாதத்தில் முதல் தடவையாக, அவள் துருவாமல் அவனே ஒன்றைச் சொல்லியிருக்கிறான் என்பதும் அவளுக்கு உறைத்தது. அதனால் கோபம் குறையவில்லை.

அவன் இரண்டு கைபேசியையும் சேர்த்து நீட்டினான். "ரெண்டையும் நீயே வச்சுக்கோ. வேற நம்பர் போட்டுப் பூட்டிடு. இந்தத் தடவை..."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் வாங்க மாட்டேன்."

"அப்ப யார்கிட்ட குடுப்பேன்?"

"உங்களுக்கே தெரியும். டாக்டர் அன்னிக்கே சொன்னார்."

"அண்ணனா? என்னால முடியாது."

"என்னாலயும் முடியல. நான் உங்களை விட்டுட்டுப் போகல. ஆனா பூட்டா இருக்க மாட்டேன்."

உள்ளே போய், கை கழுவி, புது அங்கி போட்டுக்கொண்டு, மிச்சப் பொதிகளைக் கட்டினாள். எண்ணிக்கை இரண்டு தடவை தவறியது. சோடாபுட்டி தானே எண்ணிக் கொடுத்தாள். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது படிவத்தை விரித்து, போகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதி முடித்ததும் சந்தோஷம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பன்னிரண்டு நாளில் அவன் என்ன ஆவான் என்று அவளால் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஆறு மணிக்கு அவன் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியோடு நின்றான். வழக்கம்போல் கைபேசியை நீட்டினான். அவள் இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"நான் போறேன்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள். "அண்ணன்கிட்ட பேசினீங்களா?"

"இல்ல."

"பேசுங்க. நான் நிக்கிறேன்."

அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு எத்தனையோ தடவை அவள் இளகிப்போயிருக்கிறாள். இப்போதும் தொண்டை வரை வந்தது, சரி விடுங்க, நானே வச்சுக்கறேன் என்று. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவன் எண்ணைத் தட்டிக் காதில் வைத்தான். பழக்கத்தில் ஆஸ்பத்திரி மதில் பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணன் குரல் அவளுக்கே கேட்டது, டயர் கடைக்காரர் குரல், எப்போதும் சத்தம்தான்.

"சொல்லுடா. என்ன, வண்டிய எங்கயாவது இடிச்சுட்டியா?"

"இல்லண்ணா."

"பின்ன என்னடா?"

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ணா."

"சொல்லு."

அவன் மதிலைப் பார்த்து நின்றான். வாய் திறந்தது, மூடியது. இந்த எட்டு மாதமும் அவன் தொடங்கிய ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்துக் கொடுத்தவள் அவள்தான். இதற்கும் என்ன சொல்ல வேண்டுமென்று வார்த்தை வார்த்தையாக அவளுக்குத் தெரியும்.

"டேய், இருக்கியா?" என்றார் அண்ணன்.

அவள் பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, பேசாமல் நின்றாள்.