லூசியா என்றொரு சென்ட்

பாரிஸ் கம்பெனி அனுப்பிய விளம்பரத் தாளை முழுவதும் படித்துவிட்டு, சோலாஞ்ச் காபிக் கிண்ணத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். அந்த நிதானத்தைப் பார்த்ததும் அவள் கணவன் ஒனோரே, சென்ட் தயாரிப்பவன், நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டான்.

"யாரு இந்த லூசியா?"

"யாருமே இல்ல. கப்புசீன்னு ஒரு மார்க்கெட்டிங் பொண்ணு கட்டிவிட்ட கதை. சென்ட்டுக்குக் கதை இருந்தாத்தான் விக்குமாம்."

"'இளம் வயதில் கடற்கரையில் இழந்த காதலியின் நினைவாக, வாசனைக்குப் பேர்போன கிராஸ் நகரக் கலைஞர் படைத்த சென்ட்.' ஓகோ! அப்ப வருஷம் பூரா என் கையில தடவித் தடவிப் பார்த்தியே, அதெல்லாம் யாரு நினைப்புல?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் துளித் துளியாக நிறுத்துக் கலந்து, காகிதப் பட்டையில் நனைத்து முகர்ந்தால் தேவலோகமாக இருக்கும். தோலில் பட்டால்தான் வண்டவாளம் தெரியும். அதனால் ஒவ்வொரு கலவையையும் மாலையில் வீட்டுக்குக் கொண்டுவருவான். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சோலாஞ்ச் மணிக்கட்டை நீட்டுவாள். "லில்லி தூக்கல், சாவு வீட்டுல நிக்கிற மாதிரி இருக்கு" என்பாள். "இப்ப நல்லாத்தான் இருக்கு, படுக்கப் போறதுக்குள்ள சோப்பாயிடும்" என்பாள். அவள் சொன்னபடிதான் ஆகும். கடைசியில் அத்தி இலையின் பச்சை வாசனையைச் சேர்க்கச் சொன்னவளும் அவள்தான்.

"இன்னிக்கு அறிமுக விழாவுக்கு வருவே இல்ல?"

"எதுக்கு? லூசியாவுக்கு ரெண்டாம் தாரமா முன் வரிசையில உக்காரவா? நீயே போ."

போனான். ஓட்டல் தோட்டத்தில் பாரிஸ் பத்திரிகைக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அவர்கள் நடுவே, நாடு முழுக்கக் கடைகள் வைத்திருக்கும் நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி. அந்த அம்மாளுக்குப் பிடிக்காவிட்டால் சென்ட் கடையேறாது. ஒனோரேயின் சென்ட் எதுவும் கடையேறிப் பல வருஷமாகிவிட்டது. இதுவும் கவிழ்ந்தால் சலவைத் தூளுக்கு வாசனை போடும் பிரிவுக்கு மாற்றிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

கப்புசீன் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்து முடித்தான். ஒரு நிருபர் கை தூக்கினார்.

"முதல்முதலா நீங்க லூசியாவைப் பார்த்தப்ப அவங்க என்ன செஞ்சுகிட்டு இருந்தாங்க, முசியே?"

ஒனோரேயின் மூக்கு ஆயிரம் வாசனை பிரிக்கும். நாக்குக்கு ஒரு பொய் வராது. "மீன்... மீன் கழுவிகிட்டு..."

"அப்ப சென்ட்டுல மீன் வாடை எங்கே?"

தோட்டமே சிரித்தது. கொள்முதல் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கப்புசீன் முகத்தில் ஈயாடவில்லை.

"மீனும் இல்ல, ஒண்ணும் இல்ல. வலை பின்னிகிட்டு இருந்தா. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

பின்வரிசையிலிருந்து வந்தது குரல். நீல உடையில் சோலாஞ்ச்!

"நீங்க யாரு, மதாம்?"

"இவரு பொண்டாட்டி. லூசியா என் சிநேகிதி. அவ ஒரு படகுக்காரனோட போயிட்டா. இவருக்கு ஆறுதல் சொல்லப் போனேன், மாட்டிகிட்டேன்."

"உங்களுக்குப் பொறாமையா இல்லையா?"

"எதுக்கு? அவளுக்குக் கோணப் பல்லு. பேருதான் அவளுது. ஒவ்வொரு சொட்டும் என் கையில தடவிப் பார்த்துச் செஞ்சது. கிளம்புறப்பகூடப் பூசிகிட்டுத்தான் வந்தேன். மோந்து பாருங்களேன்!"

மணிக்கட்டை நீட்டினாள். நிருபர்கள் முண்டியடித்தார்கள். கொள்முதல் அதிகாரி அவர்களை விலக்கிக்கொண்டு வந்து குனிந்தார். கண்ணை மூடினார். மீண்டும் ஒரு முறை முகர்ந்தார்.

"காகிதத்துல இப்படி இல்லையே! கிறிஸ்துமஸுக்கு எல்லாக் கடைக்கும் அனுப்புங்க. கடைக்காரப் பொண்ணுங்க பட்டையை நீட்ட வேணாம், கையிலயே பூசிக் காட்டட்டும்."

வீடு திரும்பும்போது சோலாஞ்ச்தான் கார் ஓட்டினாள்.

"வரமாட்டேன்னியே?"

"உனக்குப் பொய் சொல்ல வராதுன்னு எனக்குத் தெரியாதா?"

ஒனோரே அவளது மணிக்கட்டை எடுத்து முகர்ந்தான். அத்தி இலை இன்னும் பச்சையாகவே இருந்தது. நிம்மதியில் வாய் சும்மா இருக்கவில்லை.

"இருந்தாலும் அவளுக்குக் கோணப் பல்லு வெச்சிருக்க வேணாம். பாவம்."

கார் சடக்கென்று ஓரம் கட்டி நின்றது.

"பாவமா? அவளை நீ இன்னும் மறக்கலையா?"