பலகை போட்ட மேசைகள்

ஆய்வக மேசைகளின் மேல் பலகை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அடியில் குழாயும் தொட்டியும் இருக்கின்றன. வேதியியல் ஆசிரியருக்குத் தெரியும், அது அவருடைய ஆய்வகம். மூன்று வாரமாகப் பயிற்சிக்கூடம். ஆசிரியர்களின் அறிவியல் ஆற்றலையும் புதுமைத் திறனையும் வளர்க்கும் பயிற்சி என்று வாசலில் எழுதியிருந்தது. கண்ணாடிக் கருவிகள் மாடிப்படிக்குக் கீழே அட்டைப்பெட்டிகளில் கிடந்தன.

அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு. அவருடைய மாணவர்கள் அளந்து சொட்டவிடும் பியூரெட் குழாயை இன்னும் கையால் தொடவில்லை. இன்று ஆய்வகத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவதாகக் காலையில் அவர்களிடம் சொல்லியிருந்தார்.

"கேள்வி கேக்கறதுதான் விஞ்ஞானத்துக்கு ஆரம்பம்," என்றார் பயிற்சியாளர். "தயங்காம கேளுங்க."

வேதியியல் ஆசிரியர் எழுவதற்குள் திரையில் அடுத்த படம் வந்துவிட்டது.

மதியம் காகிதக் கோப்பைகளால் கோபுரம் கட்டச் சொன்னார்கள். அவர் குழுவில் வேறு பள்ளியின் கணக்கு டீச்சர் இருந்தார்.

"போன வருஷமும் இதே கோபுரம்தான் சார். எனக்கு இதுல டாக்டர் பட்டமே கொடுக்கலாம்."

"லேபைத் திருப்பிக் கேக்கணும் டீச்சர்."

"கேளுங்க. கடிச்சா தின்னுடுவாரு?"

கோபுரம் சரிந்தது. யாரும் சிரிக்கவில்லை.

மாலையில் எல்லோருக்கும் கண் சொருகியது.

"பயிற்சி பிடிச்சிருந்ததா?" என்றார் பயிற்சியாளர். கைகள் உயர்ந்தன. "புதுசா ஏதாவது கத்துக்கிட்டீங்களா?" உயர்ந்தன. "இந்த இடம் வசதியா இருந்ததா?" உயர்ந்தன. கை தூக்கினால் சீக்கிரம் வீட்டுக்கு விடுவார்கள். எத்தனையோ பயிற்சிகளில் பழகியது.

"சந்தோஷம். அப்ப வருஷக் கடைசி வரைக்கும் மத்த பயிற்சிகளையும் இங்கேயே வெச்சுக்கலாம்."

எல்லோரும் கையை இறக்கித் தட்டினார்கள். வேதியியல் ஆசிரியரின் கை மட்டும் இன்னும் மேலேயே இருந்தது.

"என்ன சார், நீங்களுமா?" என்றார் கணக்கு டீச்சர்.

"கை அதுவா மேல போயிடுச்சு டீச்சர்."

கூட்டம் கலைந்ததும் பயிற்சியாளரிடம் போய்த் தேர்வைப் பற்றிச் சொன்னார்.

"இப்பதானே சார் கை தூக்கினீங்க?"

"தூக்கினேன். சாயங்காலத்துல மட்டும் சாவி கொடுங்க."

"காலையில துணி விரிச்சபடியே இருக்கணும்."

"இருக்கும்."

கீழே காத்திருந்த மாணவர்களிடம் பெட்டிகளை மேலே கொண்டுவரச் சொன்னார். துணியை மடித்தார். பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார். குழாய் இருமிவிட்டுத் துருவைத் துப்பியது. மனைவிக்குப் போன் செய்தார்.

"இந்த வாரம் பூரா லேட்டாகும்."

"இன்னியோட பயிற்சி முடியுதுன்னீங்க?"

"முடிஞ்சிடுச்சு."

"அப்புறம் என்ன? அங்கேயே படுக்கையைப் போட்டுக்குங்களேன்."

"பாடம் நடத்தணும்மா."

போனைப் பைக்குள் போட்டார். அடுத்த பலகை இன்னும் கனமாக இருந்தது.