வெள்ளிக்கிழமைக் கொம்லெ

அன்று மழை பெய்ததா, பனி விழுந்ததா என்று எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. பார்த்ததையும் கேட்டதையும் கலந்து வைத்திருக்கிறேனோ என்றும் சந்தேகம். கிழமை மட்டும் தவறாது. வெள்ளி. நார்வேயின் கார்மேய் தீவில் வியாழக்கிழமைதான் கொம்லெ வேகும்: துருவிய உருளைக்கிழங்கை மாவோடு பிசைந்து, நடுவில் கொழுப்புத் துண்டு வைத்து, உப்பிட்ட ஆட்டிறைச்சி கொதித்த நீரில் போடும் பெரிய உருண்டை. மிஞ்சியது இரவு முழுக்க ஆறி இறுகி, மறுநாள் வெண்ணெயில் வறுபடும்.

தனியாள் தோர்டிஸுக்கு ஓர் உருண்டையே அதிகம். ஆனாலும் அந்த வியாழனன்று மிஞ்சட்டும் என்றே பானை நிறைய வேகவைத்தாள். மீன்பிடிப் படகில் இருந்த காலத்தில் அவள் கணவன் ஓமுண்ட் வியாழன் உருண்டையைக் கடமைக்குத் தின்பான். வெள்ளி வறுவலுக்குத்தான் அடுப்படியிலேயே வந்து நிற்பான். இப்போது முதியோர் இல்லத்தில் இருந்தான். கோடையிலிருந்து அவனுக்கு அவளை யாரென்று தெரியவில்லை. இந்த ருசியிலாவது தெரிந்து, ஒரே ஒரு தடவை தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டானா என்பதுதான் அவள் ஆசை.

இல்லத்துச் செவிலி ரன்வைக் தொலைபேசியில் சொல்லியிருந்தாள்: "தாராளமா கொண்டு வாங்க. ஆனா மொறுமொறுன்னு வேணாம், தோர்டிஸ். அவருக்கு விழுங்கவே கஷ்டமா இருக்கு."

வெள்ளியன்று தோர்டிஸ் உருண்டைகளை வில்லைகளாக அரிந்து வெண்ணெயில் போட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, நிறம் மாறுவதற்குள் அடுப்பை அணைத்தாள். டப்பாவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

ஓமுண்ட் துறைமுகத்தைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

"யாருங்க?"

"சாப்பாடு கொண்டாந்திருக்கேன்."

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. மெதுவாகத் தின்றான். வெளியே காற்று. அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வில்லை முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றான். "ஆனா..."

"ஆனா என்ன?"

"எங்க வீட்டுல தோர்டிஸ் பண்ணா ஓரமெல்லாம் கருகியிருக்கும். கடிச்சா அடுத்த வீட்டுக்குக் கேக்கும். இது என்னமோ சீக்குக்காரன் மாதிரி வெளுத்துக் கெடக்கு."

கதவருகே வந்த ரன்வைக் அப்படியே நின்றுவிட்டாள்.

"அடுத்த தடவ சரியா பண்றேன்," என்றாள் தோர்டிஸ்.

அவன் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "அவகிட்ட மட்டும் சொல்லிப்புடாதீங்கம்மா. வேறொருத்தி கையால தின்னேன்னு தெரிஞ்சா என்னைக் கடல்ல தள்ளிடுவா."

"சொல்லமாட்டேன்."

தன் பெயரை அவன் வாயால் கேட்டுவிட்டாள். ஆனால் அவன் அவளைக் கூப்பிடவில்லை.

அவன் தட்டிலிருந்த வெண்ணெயை விரலால் வழித்தான். பிறகு, "வர்ற வெள்ளியும் வருவீங்களா?" என்றான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வெள்ளிதோறும் அவள் போனாள். விழுங்குவதற்காக வெளிறிய வறுவலையே கொண்டுபோனாள். அவனும் ஒரு வெள்ளி தவறாமல் அதைக் குறை சொன்னான். வசந்தத்தில் ஓமுண்ட் இறந்தான். ரன்வைக் கல்யாணமாகி பெர்கனுக்குப் போய்விட்டாள். தோர்டிஸ் அதே வீட்டில் இருக்கிறாள். வியாழனன்று இன்னமும் பானை நிறைய வேகவைக்கிறாள். வெள்ளியன்று ஓரம் கருக வறுத்து, தனியாகத் தின்கிறாள்.