எத்தனை கிலோ வரும்?

"எத்தனை கிலோ வரும்?" என்று கேட்டவனுக்கு முயல் கிடையாது. பஸ் டிரைவரின் சட்டம் அதுதான். உண்மையில் அந்தச் சட்டத்தைப் போட்டது அவர் மகள் குட்டிம்மா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு. "யாருக்காவது குடுக்கறதா இருந்தா, கிலோ கேக்கறவங்களுக்கு மட்டும் குடுத்துடாதப்பா. அவங்க கறிக்குத்தான் கேப்பாங்க."

"நீயே வந்து வளக்கப் போறே, பேசாம படு," என்று அதட்டினார். அவள் வரவில்லை. பஞ்சு, கரி என்று அவள் பெயர் வைத்த வெள்ளை முயலும் கறுப்பு முயலும் மட்டும் அவள் அறையில் மிஞ்சின.

அவர் மனைவி அந்த அறைப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. "கூண்டுல சத்தம் கேட்டாலே, அவதான் எழுந்து வர்றாளோன்னு இருக்கு. எங்கயாவது குடுத்துடுங்களேன்," என்றாள். பெற்ற வயிறு, வேறென்ன சொல்லும்?

படத்தோடு விளம்பரம் போட்டார். வந்து வாய்த்தார்கள் பாருங்கள்! ஒரு புண்ணியவான் தோலை உரித்துத் தருவீர்களா என்றான். ஒரு அம்மாள் பேரனின் பிறந்தநாளுக்கு ஒரே ஒரு நாள் போதும் என்றாள். "பொம்மைக் கடைக்குப் போங்கம்மா," என்று போனை வைத்தார்.

பிறகு சலூன்காரர் ஒருவர் கூப்பிட்டார். தன்மையான குரல். என்ன தின்னும், எந்தத் தெரு, எப்போது வரலாம் என்றெல்லாம் விசாரித்தார். டிரைவருக்கு மனசு நிறைந்துவிட்டது. ஆளைப் பிடித்துவிட்டோம் என்று நினைக்கும்போது, "அந்த வெள்ளை எத்தனை கிலோ இருக்குங்க?" என்றார் அவர்.

"அட பாவி மனுஷா, உனக்கும் கறிதானா? வைய்யா போனை!" டிரைவர் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. சலூன்காரர் மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை.

அதற்குள் பஞ்சு புல்லை முகர்ந்துவிட்டு ஒதுங்க ஆரம்பித்திருந்தது. குட்டிம்மாவைத் தேடி ஏங்குகிறது என்று நினைத்தார் டிரைவர். அவருக்கே ஒரு வாய் இறங்கவில்லையே, வாயில்லா ஜீவன் என்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்றவர் அதே சலூன்காரர்.

"சண்டைக்கு வரலைங்க. எங்கிட்டயும் முயல் இருக்கு. படத்துல வெள்ளைக்கு இடுப்பெலும்பு துருத்திட்டுத் தெரிஞ்சுது. எடை கொறைஞ்சிருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் முதலில் இதைத்தான் கேட்டார். பாப்பாவுக்கு எப்போதிலிருந்து எடை குறைகிறது? அன்றைக்குத் திருதிருவென்று விழித்த டிரைவர், இன்றைக்குச் சலூன்காரரைக் குட்டிம்மாவின் அறைக்கு அழைத்துப் போனார்.

சலூன்காரர் பஞ்சுவை மடியில் போட்டு, விரலால் மெல்ல வாயைத் திறந்து பார்த்தார். "பல்லு வளந்து கன்னத்தக் குத்துது. இதுக்கு நல்ல பசிங்க. தின்னத்தான் முடியலை."

"பொழைச்சுக்குமா?"

"இப்பவே டாக்டர்கிட்ட கொண்டு போய்ப் பல்லை வெட்டணும். பாக்கலாம். கொஞ்சம் முன்னாடியே பாத்திருந்தா..." தான் கொண்டுவந்திருந்த கூடையில் பஞ்சுவை வைத்தார்.

அறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ!

"ஸ்கூல் பாவாடை இடுப்புல நிக்கலைன்னு குட்டிம்மா சொன்னா," என்றாள் யாரையும் பார்க்காமல். "ஊக்கு குத்திவிட்டேன். அப்புறம் அதையும் உள்ள தள்ளிக் குத்தினேன். உயரம் போடுற புள்ள, மெலியத்தான் செய்யும்னு நெனச்சுட்டேங்க."

இத்தனை நாளும் அவள் இதை வெளியே சொன்னதில்லை. டிரைவர் அவள் கையைப் பிடித்தார். அவளோ கையை விடுவித்துக்கொண்டு போய்க் கரியைத் தூக்கினாள். புடவைத் தலைப்பால் துடைத்துப் பஞ்சுவின் பக்கத்தில் கூடையில் வைத்தாள்.

"ரெண்டையும் பிரிச்சுடாதீங்கண்ணே," என்று சொல்லிவிட்டு, மகளின் கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

சலூன்காரர் கூடையோடு தெருமுனையைத் தாண்டுவதற்குள் டிரைவர் பின்னாலேயே ஓடினார்.

"அண்ணே, போன்ல கத்தினத மனசுல வெச்சுக்காதீங்க. நான் அப்பப்போ கூப்பிடுவேன். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்." கூடைக்குள் குனிந்து பார்த்தார். "பஞ்சு எத்தனை கிலோ இருக்குன்னு மட்டும் சொல்லுங்கண்ணே."