கோபாலசாமி கள்ளி நட்ட வெள்ளிக்கிழமை

அந்த டிஜிட்டல் கேமரா வந்த நாள் முதல், அஜ்மானில் கோபாலசாமியின் வீட்டில் அதற்குத்தான் முதல் மரியாதை. குளித்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. மற்றபடி அவர் மனைவி நீலா அதைத் தொடவே கூடாது. ஒருமுறை அவள் ஆசையாகக் கையில் எடுத்தபோது, "லென்ஸ்ல கைரேகை படும்" என்று பிடுங்கிக்கொண்டார். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு அவள் எடுத்த படங்களைப் பார்த்து, "எல்லாத்துக்கும் தலைய வெட்டிப்போட்டயே" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிச் சிரிப்பார். அவளிடம் இருந்தது கோயமுத்தூரிலிருந்து கொண்டுவந்த, ஃபிலிம் ரோல் போடுகிற குட்டிக் கேமரா. அந்தப் பெரிய கேமராவில் தானும் ஒரு படமாவது எடுத்தே தீருவது என்று நீலா மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள். கேட்டால் கிடைக்காது. கெஞ்சுவது அவளுக்குப் பிடிக்காது.

2005ஆம் ஆண்டு, ஷார்ஜா தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய மன்றம் ஒரு புகைப்படப் போட்டி அறிவித்தது. 'பாலைவனக் கள்ளி, அதன் இயற்கைச் சூழலில்' என்பது தலைப்பு. குடும்பத்துக்கு ஒரு படம். தலைப்பைக் கொடுத்த செயலாளர் சேதுபதி, ஏசி வீட்டிலிருந்து ஏசி காருக்கும், ஏசி காரிலிருந்து ஏசி ஆபீசுக்கும் போவதைத் தவிர வேறு பாலைவனம் அறியாதவர். பாலைவனம் என்றால் ஒட்டகம் நிற்கும், ஒட்டகத்துக்குப் பக்கத்தில் கள்ளி நிற்கும். பிஸ்கட் டப்பாவில்கூட அப்படித்தானே போட்டிருக்கிறான்!

"முதல் பரிசு எனக்குத்தானுங்க. இப்பவே பேரை எழுதி வச்சுக்குங்க" என்று கூட்டத்திலேயே அறிவித்துவிட்டு வந்தார் கோபாலசாமி. இனிமேல் தோற்றால் மன்றத்துப் பக்கமே தலைகாட்ட முடியாது.

பாலைவனத்து ஊரான தைத்துக்குப் போகிற சாலையில் நான்கு வெள்ளிக்கிழமைகள் அலைந்தார்கள். வன்னி மரம் நின்றது. நம் ஊர் எருக்கு பூத்துக் குலுங்கியது. டயர் கிடந்தது, ஒட்டகச் சாணம் கிடந்தது. கள்ளி மட்டும் கண்ணில் படவேயில்லை. "சீசன் இல்லையாட்ட இருக்குது" என்றார் கோபாலசாமி. கள்ளிக்கு ஏது சீசன் என்று நீலா கேட்கவில்லை; கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை கார் நேராகப் பாலைவனத்துக்குப் போகாமல், ஷார்ஜாவில் காயல்பட்டினத்து ஈசா வேலை பார்க்கும் செடிக்கடை வாசலில் நின்றது. கோபாலசாமி உள்ளே போய் ஏதோ குசுகுசுத்தார். கொஞ்ச நேரத்தில், இடுப்பு உயரக் கள்ளிச்செடி ஒன்று கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தது. வலப்பக்கக் கிளையின் நுனி ஒடிந்திருந்தது. அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டார் கோபாலசாமி. நீலாவுக்குக்கூட அவர் அப்படிப் போட்டுவிட்டதில்லை.

"சாயங்காலம் திருப்பிக் கொடுத்தறலாம். யாருகிட்டயும் மூச்சு விட்டறாத" என்றார்.

ஒரு மணல்மேட்டின் சரிவில் இடம் பார்த்து, தேய்த்த பேண்டோடு மண்டியிட்டுக் கையாலேயே குழி பறித்தார். கேமராவைக் கழற்றி மனைவியிடம் தராமல் முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டார். தொட்டியை இறக்கி, பிளாஸ்டிக் விளிம்பு தெரியாமல் மணலை அள்ளி அள்ளிப் போட்டார். முள் குத்தும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டார். நீலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கைப்பையிலிருந்து குட்டிக் கேமராவை எடுத்தாள், ஒரே ஒரு தடவை அமுக்கினாள்.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லீங்க. பையை மூடினேன்."

மாலையில் கடை வாசலில் கோபாலசாமி ஸ்டீயரிங்முன் உட்கார்ந்தபடி உள்ளங்கை முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நீலா இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட, ஈசா வந்து செடியைத் தூக்கினார்.

"வந்துட்டாளா எம் மருமவ!" என்று செடியைக் கொஞ்சிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த மாசம் இவ பாலைவனத்தப் பாத்துட்டு வாறது இது பதினோராவது தடவ, தங்கச்சி. எல்லாம் ஒங்க மன்றத்து ஆளுவதான். ஒருத்தருக்கொருத்தர் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டுப் போறாங்க."

"எங்கிட்டச் சொல்லீட்டீங்களே?"

"பேரு ஒண்ணும் சொல்லலையே!"

நீலாவுக்குத் திக்கென்றது. பதினொரு படம், ஒரே செடி! காரில் ஏறியதும், "ஏனுங்க, அந்தச் செடி..." என்று தொடங்கினாள்.

"செடியப் பத்திப் பேச்சே எடுக்காத. போட்டோ விஷயம் உனக்கென்ன தெரியும்?"

நீலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மன்றமே கைகொட்டிச் சிரிக்கும்போது இந்த மனுஷன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை. பிடுங்கிக்கொண்ட கேமராவை நினைத்தால், நன்றாகச் சிரிக்கட்டும் என்றும் இருந்தது. இரண்டு நாள் இந்த இரண்டுக்கும் நடுவே அல்லாடினாள். மூன்றாம் நாள், சேதுபதி வீட்டில் கொடுத்துவிடும்படி படத்தையும் நிரப்பிய படிவத்தையும் கவரில் போட்டு அவளிடம் தந்துவிட்டு கோபாலசாமி டூட்டிக்குப் போனார். நீலா போகிற வழியில் ஸ்டூடியோவில் தன் ஃபிலிம் ரோலைக் கொடுத்துக் கழுவிப் பிரிண்ட் போட்டு வாங்கி, கவரிலிருந்த அவர் படத்தை எடுத்துவிட்டுத் தன் படத்தை உள்ளே வைத்து கவரை ஒட்டினாள். படிவத்தில் அவர் பேர்தான் இருந்தது. அதில் அவள் கைவைக்கவில்லை.

பரிசளிப்பு நாளில் நடுவராக வந்தவர் அம்மையப்பன். பாளையங்கோட்டையில் தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்று, மகள் வீட்டுக்கு வந்திருந்தவர். மைக்கை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"கள்ளின்னு நீங்க படம் எடுத்திருக்கது அமெரிக்கக் கண்டத்துச் செடி. இந்த மண்ணுல தானா முளைக்காது. ஆனா பத்துப் படத்துல முளைச்சு நிக்கு. பத்துலயும் வலது கை நுனி ஒடிஞ்சிருக்கு. பாவம், ஒவ்வொரு எடமா நடந்தே போயிருக்கும் போல. வன்னியும் எருக்கும் கண்ணு முன்னால நிக்கு, அதை எடுக்க ஆளில்ல."

கோபாலசாமி நீலாவின் கையைப் பிடித்தார். "எந்திரி, போயிறலாம்" என்றார். நீலாவுக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"பதினோராவது படம் மட்டும் பொய் சொல்லல" என்று அம்மையப்பன் ஒரு படத்தை உயர்த்தினார். மண்டியிட்ட ஒரு மனிதர், நாக்கைக் கடித்துக்கொண்டு, தொட்டியைச் சுற்றி மணல் அள்ளிப் போடுகிறார். "கள்ளி இங்க எப்படி வந்துச்சுன்னு இதுதான் காட்டுது. முதல் பரிசு, கோபாலசாமி!"

முதலில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அப்புறம் அரங்கமே சிரித்துக் கைதட்டியது. கோபாலசாமி மேடையேறித் தன் படத்தைத் தானே வெறித்துப் பார்த்தார். ஆனால் கைதட்டல் ஓயவில்லை. மனுஷனுக்கு மெல்ல நெஞ்சு நிமிர்ந்தது. "நம்மளப் பாத்து நாமளே சிரிக்கோணுமுங்க. அதுக்குத்தான் இப்படி ஒண்ணு எடுத்தேன்" என்றார் மைக்கில்.

"நல்லது. படத்துல நீங்க இருக்கீய. எடுத்தது யாரு?"

கோபாலசாமி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "டைமர்லதானுங்க."

அம்மையப்பன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் அடிப்பக்கத்தில் விரலை வைத்தார். மணலில் நீளமாக ஒரு நிழல் விழுந்திருந்தது. அந்த நிழலில் முந்தானை காற்றில் பறந்துகொண்டிருந்தது.

"டைமருக்குச் சேலை கட்டிவிட்டீயளோ?"

அரங்கம் அதிர்ந்தது. கோபாலசாமி மேடையிலிருந்து நீலாவைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவ்வளவு பேர் நடுவில் அவளுக்கு வெட்கமே இல்லை, மகிழ்ச்சிதான் இருந்தது. அவர் மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"எடுத்தது எம் பொண்டாட்டிங்க. நீலா."

நீலா மேடைக்குப் போனாள். கொடுத்த கோப்பையை வாங்கிக் கணவர் கையில் திணித்துவிட்டு, அவர் கழுத்தில் தொங்கிய கேமராவை நோக்கிக் கையை நீட்டினாள்.

"கழட்டுங்க."

அவர் கேமராவைக் கழற்றிக் கொடுத்தார். நீலா அதைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைக்கருகே போனாள்.

"அந்தச் செடியத் தூக்கீட்டுப் போனவங்க எல்லாரும் கொஞ்சம் மேல வாங்க. ஒரு குரூப் போட்டோ எடுத்தறலாம்."

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முன்வரிசையிலிருந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தலைப்பைக் கொடுத்த செயலாளர் சேதுபதியே முதல் ஆளாக எழுந்து வந்தார்.